மருந்து கேட்கவில்லையே, ஏன்? நாய், பூனைகளின் தோல், காது நோய்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் ஒரு தனியார் கால்நடை மருத்துவ நிலையத்தில் ஆய்வக வேலை பார்க்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மருத்துவர் அறைக்கு வெளியே ஒரு மேசையில் மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். உள்ளே போகப் பயப்படுகிறவர்களும் வெளியே வந்த பிறகு சந்தேகம் வருகிறவர்களும் என்னிடம்தான் கேட்பார்கள். தங்கச்சிமடமோ கீழக்கரையோ தேவிபட்டினமோ சாயல்குடியோ, எந்த ஊரிலிருந்து வந்தாலும் கேள்விகள் மாறுவதில்லை. சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்ததால் எழுதிவிட்டேன். விடைகளை எங்கள் மருத்துவர் படித்துத் திருத்திக் கொடுத்தார். ஆங்காங்கே தெரியும் எரிச்சல் மட்டும் என்னுடையது.

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்ததால் என் நாயின் உடம்புக்கு அது பழகிவிட்டதா?

பழகியது நாயின் உடம்பு அல்ல, அதன் தோலில் இருக்கும் கிருமி. கடற்கரையில் இருப்பவர்களுக்கு வலையை வைத்துச் சொன்னால் உடனே புரிகிறது. ஒரே அளவுக் கண்ணியுள்ள வலையை ஒரே இடத்தில் நாள்தோறும் வீசினால், மாட்டுவது மாட்டிக்கொண்டே போகும். கடைசியில் அங்கே மிஞ்சுவது கண்ணியில் நழுவும் மீன்கள் மட்டும். பாக்டீரியா வகைக் கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான். கூட்டத்தில் நழுவத் தெரிந்த கிருமிகள் முதலிலேயே சில இருக்கும். மற்றவை செத்துவிட்டால் இடமும் தீனியும் அவற்றுக்கே.

மீன் பெருகப் பருவம் வேண்டும். தோதான இடத்தில் கிருமி இரட்டிப்பாக அரைமணி நேரம்கூட வேண்டாம். அதோடு, நழுவும் வித்தையை எழுதிவைத்த மரபணுத் துண்டைப் பக்கத்துக் கிருமிக்குக் கைமாற்றிவிடவும் அதற்குத் தெரியும். சில கிருமிகள் மருந்தை உடைக்கும் நொதியைச் சுரக்கின்றன, சில மருந்தை வெளியே இறைத்துத் தள்ளுகின்றன, சில மருந்து வந்து ஒட்டவேண்டிய இடத்தையே மாற்றிக்கொள்கின்றன.

இந்தக் கிருமி எங்கிருந்து வந்தது? மீன் கழிவில் புரண்டதாலா?

பெரும்பாலும் எங்கிருந்தும் வரவில்லை, நாயிடமே இருந்தது. நாய்த் தோலில் சீழ்க்கொப்புளம் உண்டாக்குவதில் முதலிடம் ஸ்டெஃபிலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற கிருமிக்கு. பெயரைப் பார்த்து மலைக்க வேண்டாம். 2005இல்தான் அதைத் தனி இனமாகப் பிரித்துப் பெயர் வைத்தார்கள். நோயில்லாத நாயின் மூக்கிலும் வாயிலும் ஆசனவாய் ஓரத்திலும் அது சும்மா குடியிருக்கிறது.

சும்மா இருந்ததைக் கிளப்பிவிட்டது எது என்பதுதான் கேள்வி. ஒவ்வாமை, உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறிப்பூச்சி, தைராய்டு போன்ற ஹார்மோன் கோளாறு, ஈரம் காயாத ரோமம் என்று காரணங்கள் பல. ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் மேசைக்கு வரும் பஞ்சுக்குச்சிகள் கூடிவிடும். கிருமியை மட்டும் அடித்துவிட்டு இந்தக் காரணத்தை விட்டுவிட்டால், அடுத்த மாதம் அதே நாய், அதே இடம், அதே புண்.

தோலில் வந்திருப்பது கிருமித் தொற்றுதான் என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

சந்தேகப்படலாம், உறுதி செய்ய முடியாது. வயிற்றிலும் தொடை இடுக்கிலும் சிறு சீழ்க்கொப்புளம், அது உடைந்தபின் ஓரம் உரிந்த வட்டம், பூச்சி அரித்ததுபோல ஆங்காங்கே ரோமம் உதிர்ந்த திட்டு, ஒருவித வாடை. இவை இருந்தால் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் வட்டமாக ரோமம் உதிர்வது படர்தாமரையிலும் உண்டு, சொறிப்பூச்சியிலும் உண்டு. இரண்டுக்கும் ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது.

காதில் நாற்றம் அடிக்கிறது, தலையை உதறிக்கொண்டே இருக்கிறான். மாத்திரை கொடுத்தால் போதும்தானே?

நாயின் காதுக்குழாய் 'ட' என்ற எழுத்தைப் போன்றது. மேலிருந்து நேராகக் கீழே இறங்கி, பிறகு பக்கவாட்டில் திரும்பிச் செவிப்பறைக்குப் போகிறது. தொற்று இருப்பது அந்தக் குழாயின் உட்பரப்பிலும் அதில் தேங்கிய அழுக்கிலும். வாய்வழி விழுங்கிய மாத்திரை இரத்தத்தில் சுற்றி அங்கே வந்து சேர்வது சொற்பம். அதனால் வெளிக்காதுத் தொற்றுக்குச் சுத்தம் செய்வதும் சொட்டு மருந்தும்தான் முக்கிய வைத்தியம்.

அதிலும் எல்லாக் காதும் ஒன்றல்ல. பழுப்பு நிறப் பிசுக்கும் புளித்த வாடையும் என்றால் பெரும்பாலும் மலசீசியா என்ற ஈஸ்ட். அது பூஞ்சை வகை, ஆன்டிபயாட்டிக்குக்கு அசையாது. காப்பித்தூள் போலக் கறுத்த உதிரி அழுக்கு, அதுவும் பூனைக்குட்டியின் காதில் என்றால் காதுப்பூச்சி. மஞ்சளும் பச்சையும் கலந்து வழவழவென்று வடிந்து, தொட்டாலே நாய் கத்துகிறது என்றால் சூடோமோனாஸ் என்ற முரட்டுக் கிருமியாக இருக்கலாம். 'பெரும்பாலும்', 'இருக்கலாம்' என்று சொல்லிக்கொண்டே போகிறேன், கவனித்தீர்களா? வெறும் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும்.

பஞ்சுக்குச்சியை எடுத்துக்கொண்டு போய்ச் சாயம் போடுகிறீர்களே, அது எதற்கு? பில்லை ஏற்றவா?

இந்தக் கேள்வியை என் முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன். மண்டபத்துப் படகுக்காரர், உடன் வந்தது காது தொங்கிய ஒரு லாப்ரடார். பஞ்சைக் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டினேன், தேய்க்கவில்லை. தேய்த்தால் செல்கள் சிதைந்துவிடும். காற்றில் காயவைத்து மூன்று ஜாடிகளில் வரிசையாக முக்கி எடுத்தேன். முதலாவது உறையவைக்கும் திரவம், அடுத்தது சிவப்பு, கடைசி ஊதா. நீரில் அலசி, ஒரு சொட்டு எண்ணெய் வைத்து ஆயிரம் மடங்கு பெரிதாக்கினால் முடிந்தது.

திராட்சைக் கொத்துபோல ஊதாப் புள்ளிகள் என்றால் ஸ்டெஃபிலோகாக்கஸ் வகை. சிறு குச்சிகளாகத் தெரிந்தால் சூடோமோனாஸ் போன்றவை. இடுப்பு ஒடுங்கிய நிலக்கடலை ஓடுபோல இருந்தால் ஈஸ்ட். படகுக்காரர் பார்த்துவிட்டு, "எல்லாம் கடலைதான் கிடக்கிறது" என்றார். அதற்கு முன் இரண்டு மாதம் அந்த நாய்க்கு இரண்டு விதமான ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் கொடுத்திருந்தார்கள், கடலைக்கு! பூஞ்சை மருந்துச் சொட்டுக்கு மாற்றியதும் பத்து நாளில் காது காய்ந்தது.

பத்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் மாத்திரையைத் தொடங்கக் கூடாது என்பது என் கட்சி. பாக்டீரியாவே இல்லாத காதுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் காது ஆறுவதில்லை. வயிற்றிலும் தோலிலும் சும்மா இருக்கும் மற்ற கிருமிகள்தான் பாடம் படித்துக்கொள்கின்றன.

போன வருடத்து மாத்திரை அரை அட்டை மீந்திருக்கிறது. அதே நோய்தானே, கொடுத்துவிடலாமா?

கூடாது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் நானே செய்தேன். இந்த வேலைக்கு வருமுன், எங்கள் வீட்டு நாய் மணிக்கு வயிற்றில் கொப்புளம் வந்தபோது பிள்ளைக்கு வாங்கி மீந்திருந்த செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாட்டிக்கை மூன்று நாள் கொடுத்தேன். காய்ந்தது. நிறுத்தினேன். மாதம் திரும்பும் முன் வந்தது. மறுபடி மூன்று நாள். மூன்றாவது முறை கொடுத்தபோது கொப்புளம் அசையவே இல்லை. பிறகு கல்ச்சர் (கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு மடிகிறது என்று பார்க்கும் சோதனை) எடுத்துப் பார்த்தபோது அந்த மருந்து மட்டுமில்லாமல் அதன் குடும்பத்தில் ஒன்றுகூட வேலை செய்யாது என்று வந்தது. மூன்று நாள் கொடுத்தது என் கைதான், வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

அளவும் எடைக்கு எடை மாறும். குழந்தைக்கான மாத்திரையைக் கண்ணளவில் உடைத்துக் கொடுத்தால் டோஸ் குறைவாகவே விழும். குறைவான டோஸ் கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும் என்று பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபல் பரிசு உரையிலேயே எச்சரித்தார். நம் நாட்டில் சில ஆன்டிபயாட்டிக்குகளை 2014 மார்ச் முதல் எச்1 பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். சீட்டு எழுதிய மருத்துவர் பெயரையும் வாங்கியவர் பெயரையும் மருந்துக்கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையின் முதுகில் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டில்லாமல் வாங்கக் கூடாதது. கடையில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

இரண்டு நாளில் புண் காய்ந்துவிட்டது. ஏன் இன்னும் மாத்திரை?

மேல்பொருக்கு காய்வதும் உள்ளே தொற்று அடங்குவதும் ஒன்றல்ல. அதேநேரம், மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருப்பதும் தவறு. முன்பெல்லாம் மூன்று நான்கு வாரம் என்று பொத்தாம்பொதுவாக எழுதுவார்கள். இப்போது நாய்த் தோல் தொற்றுக்கான சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்வது வேறு: மேலோட்டமான தொற்றுக்கு முதலில் வெளிப்பூச்சு வைத்தியம் மட்டும், மாத்திரை அவசியம் என்றால் இரண்டு வாரம் கொடுத்துவிட்டுத் திரும்பப் பரிசோதனை, ஆழமான தொற்றுக்கு மூன்று வாரத்தில் பரிசோதனை. அதற்குப் பிறகு தொடர்வதா நிறுத்துவதா என்பதை மருத்துவர் பார்த்து முடிவு செய்வார்.

எங்கள் ஊரில் தவறிப்போவது அந்தத் திரும்ப வரும் நாள்தான். புண் ஆறினால் வருவதில்லை, ஆறாவிட்டால் வேறு மருத்துவரிடம் போய்விடுகிறார்கள். அங்கே கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

வெறும் ஷாம்பூவைக் கொடுத்து அனுப்புகிறார்கள். இதுவா வைத்தியம்?

இதுதான் வைத்தியம். 2 முதல் 4 சதவீதம் குளோர்ஹெக்சிடின் உள்ள மருந்து ஷாம்பூ, தோலின் மேல்பரப்பில் இருக்கும் கிருமியை நேரடியாகக் கொல்கிறது. மாத்திரைக்கு அசையாத கிருமிகூடப் பெரும்பாலும் இதற்கு மடிகிறது. மேலே சொன்ன மணிக்குக் கடைசியில் கைகொடுத்தது இதுதான்; வாரம் மூன்று முறை, ஐந்து வாரம், ஒரு மாத்திரைகூட இல்லை.

பலன் கிடைக்கவில்லை என்று வருகிறவர்களிடம் விசாரித்தால் தவறு போடும் முறையில் இருக்கும். நுரை வந்ததும் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். பத்து நிமிடம் தோலில் ஊறவேண்டும். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம், மனக்கணக்கில் அல்ல. வாரம் இரண்டு முறையாவது வேண்டும். முன்னாலோ பின்னாலோ சாதாரண சோப்பு போடக் கூடாது, சோப்பு இந்த மருந்தை முறித்துவிடும்.

இன்னொன்று நம் கடற்கரைக்கே உரியது. நீர்த்துப் பயன்படுத்தும் குளோர்ஹெக்சிடின் கரைசல் வாங்கினால் வீட்டுக் கிணற்று உவர்நீரில் கலக்காதீர்கள். உப்பு மிகுந்த நீரில் மருந்து திரிந்து அடியில் படியும், வீரியம் போய்விடும். குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணீரில் ஒரு செம்பு எடுத்துக் கலக்குங்கள். குடம் தண்ணீருக்கு வண்டியை எதிர்பார்க்கும் ஊரில் நாய்க்கு நல்ல தண்ணீரா என்று முறைக்காதீர்கள். முழுக் குளியல் முடியாதவர்களுக்கு இதே மருந்து ஸ்பிரேயாகவும் துடைக்கும் தாளாகவும் கிடைக்கிறது. சின்னத் திட்டுக்கு அதுவே போதும்.

வேப்பிலை, மஞ்சள், தேங்காயெண்ணெய் எல்லாம் எங்கள் அப்பத்தா காலத்திலிருந்து போடுகிறோம். தப்பா?

வேப்பிலை வெந்நீரில் நாயைக் கழுவினால் பெரிதாகக் கெடுதல் இல்லை. ஆனால் சீழ் பிடித்த தோலுக்கு அதை மட்டும் நம்பி இரண்டு வாரத்தைக் கடத்தாதீர்கள். காதுக்குள் எந்த எண்ணெயும் வேண்டாம். ஈஸ்ட்டுக்குக் கொழுப்பு பிடிக்கும், நீங்கள் விருந்து வைத்தது போலாகும். எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி விடுவது அதைவிட மோசம். கற்பூரம் நக்கினால் நாய்க்கும் பூனைக்கும் விஷம்.

படகு எஞ்சினின் கழிவு ஆயிலைப் பூசுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் பழுது பார்க்கப்படும்போது ஆயில் தாராளமாகக் கிடைக்கும்; கறுப்பாகப் பூசிய நாய்கள் எங்களிடம் வருவதும் அப்போதுதான். தோல் வெந்துபோகும், நக்கியது உள்ளே போய் ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். சொறிப்பூச்சிக்கு எடைக்கேற்ற ஒரு மாத்திரையே கேட்கும் காலம் இது.

கடலில் குளிப்பாட்டினால் சொறி போகும் என்கிறார்களே?

போகாது. உப்பு காய்ந்த தோல் இன்னும் அரிக்கும், காதில் ஈரம் தேங்கும். விளையாட இறங்கினால் இறங்கட்டும், வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றி, காது மடலின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

வீட்டில் காதைச் சுத்தம் செய்வது எப்படி? பட்ஸ் போடலாமா?

பட்ஸ் அழுக்கை 'ட'வின் மூலைக்குத் தள்ளிவிடும். மருத்துவர் கொடுத்த காது கழுவும் திரவத்தைக் குழாய் நிறைய ஊற்றுங்கள். காதின் அடிப்பக்கம், தாடைக்கு மேலே, விரலால் பிசையுங்கள்; சளசளவென்று சத்தம் கேட்க வேண்டும். அரை நிமிடம் பிசைந்து விட்டுவிட்டால் நாயே உதறி அழுக்கை மேலே கொண்டுவந்துவிடும். சுவரோரம் நிறுத்தாதீர்கள், வெள்ளையடித்தவரின் சாபம் உங்களைச் சேரும். மேலே வந்ததைப் பஞ்சால் துடைத்து, பத்து நிமிடம் கழித்துச் சொட்டு மருந்து.

செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்க்குமுன் எதையும் ஊற்றக் கூடாது. கிழிந்த பறை வழியாக ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகளும் குளோர்ஹெக்சிடினும் உட்காதுக்குப் போனால் கேட்கும் திறனே போகலாம். நாய் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டோ தள்ளாடியோ நடந்தால் அன்றே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

சொட்டு மருந்து விட்டால் போகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. கிருமிக்கு எதிர்ப்பு வந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. எதிர்ப்பு வந்த கிருமி என்றால் மருந்து விடும்போதே போகாது. போய்த் திரும்புகிறது என்றால் இரண்டாவது கேள்வியில் சொன்ன அந்தக் காரணம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். இளம் நாய், இரண்டு காதும், கூடவே பாதத்தை நக்குகிறது என்றால் முதல் சந்தேகம் ஒவ்வாமைமேல்.

உணவு ஒவ்வாமையா என்று அறிய எட்டு வாரம் பரீட்சைச் சாப்பாடு கொடுப்பார்கள். அதுவரை தின்றே இராத புரதம் ஒன்று மட்டும். புத்தகங்களில் அதற்கு மீன் சொல்லியிருக்கும். பாம்பனில் பிறந்து சூடைத் தலையும் சாளைக் குழம்புச் சோறும் தின்று வளர்ந்த நாய்க்கு மீன் எப்படிப் புதிய புரதமாகும்? எங்கள் மருத்துவர் முதலில் கேட்பதே "இதுவரை என்னென்ன தின்றிருக்கிறது?" என்பதுதான். எட்டு வாரத்தில் ஒருநாள் பக்கத்து வீட்டுக் கருவாடு வாயில் பட்டாலும் பரீட்சை கெடும். கருவாடு காயும் தெருவில் இது எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கல்ச்சர் டெஸ்ட் எப்போது அவசியம்?

எல்லோருக்கும் தேவையில்லை. மாத்திரை சரியாகக் கொடுத்தும் இரண்டு வாரத்தில் அசையவில்லை, தொற்று ஆழமாக இருக்கிறது, ஸ்லைடில் குச்சிக் கிருமி தெரிகிறது, ஏற்கெனவே பலமுறை ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அவசியம். முழுதாக இருக்கும் கொப்புளத்தைக் குத்தி எடுத்த சீழ்தான் நல்ல மாதிரி. காய்ந்த பொருக்கைச் சுரண்டி அனுப்பினால் யாருடைய கிருமி வளர்கிறது என்றே தெரியாது. கிருமியை வளர்த்து, மருந்துகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கச் சில நாட்கள் ஆகும். மறுநாள் காலையில் போன் செய்து ரிப்போர்ட் கேட்காதீர்கள்.

ரிப்போர்ட்டில் வரிசையாக 'ஆர்' என்று வந்திருக்கிறது. இனி மருந்தே இல்லையா?

'எஸ்' என்றால் கிருமி அந்த மருந்துக்கு மடியும், 'ஆர்' என்றால் மடியாது. மெக்-ஏ என்ற மரபணு உள்ள ஸ்டெஃபிலோகாக்கஸ் என்றால் பென்சிலின் குடும்பம், செஃபலெக்சின் குடும்பம் இரண்டும் மொத்தமாக வெளியே; பட்டியலில் தப்பித்தவறி ஒன்றுக்கு 'எஸ்' என்று இருந்தாலும் நம்பக் கூடாது. என் மணிக்கு வந்தது இதுவே. ஆனால் இந்தக் கிருமி மற்றதைவிடக் கொடியது என்று பொருளில்லை. மருந்துதான் குறைகிறது, நோய் அதே நோய். தோலின் மேற்பரப்பு என்றால் ஷாம்பூ இருக்கிறது.

காது விஷயத்தில் இன்னொரு நுணுக்கம். 'எஸ்', 'ஆர்' என்ற கோட்டை, மாத்திரையோ ஊசியோ கொடுத்தால் உடம்புக்குள் மருந்து எவ்வளவு சேரும் என்பதை வைத்துக் கிழித்திருக்கிறார்கள். சொட்டு மருந்து காதில் விழும்போது அதன் செறிவு அதைப்போல நூறு மடங்குக்கும் மேல் இருக்கும். அதனால் 'ஆர்' போட்ட மருந்தே சொட்டாக விட்டால் கேட்பதுண்டு. ரிப்போர்ட்டை மருந்துக்கடையில் நீட்டி 'எஸ்' போட்ட மாத்திரையாகப் பார்த்து வாங்குவது இதனால்தான் வீண்.

சூடோமோனாஸ் என்று சொல்லிவிட்டார்கள். எந்த மருந்து விட்டும் சீழ் நிற்கவில்லை, ஏன்?

இந்தக் கிருமி பிறவியிலேயே அமாக்சிசிலின், செஃபலெக்சின் போன்றவற்றுக்கு அசையாதது. யாரும் பழக்கிவிட வேண்டியதில்லை. அதோடு வழவழப்பான படலம் ஒன்றைக் கட்டி அதற்குள் ஒளிந்துகொள்கிறது. படகின் அடியில் பாசி பிடித்தபின் மேலே பெயின்ட் அடித்தால் ஒட்டுமா? சுரண்டிவிட்டுத்தானே அடிக்கிறோம். இங்கும் முதலில் கழுவல். டிரிஸ்-ஈடிடிஏ என்ற திரவம் கிருமியின் வெளிச்சுவரைப் பலவீனமாக்கும், அதன்பின் விடும் மருந்து உள்ளே இறங்கும். வலி மிகுந்த காது என்றால் மயக்கம் கொடுத்து ஆழமாகக் கழுவ வேண்டியிருக்கும். குழாய் வீங்கி அடைத்திருந்தால் வீக்கம் வடிய ஸ்டீராய்டு கொடுப்பார்கள், அதற்குப் பயப்படாதீர்கள்.

வருடக்கணக்கில் விட்டுக் குழாய் எலும்புபோல இறுகிவிட்டால் காதுக்குழாயையே எடுத்துவிடும் அறுவைச் சிகிச்சைதான் மிச்சம். அந்த நாய்களின் கதையைத் திருப்பிப் பார்த்தால் தொடக்கம் வெறும் பழுப்புப் பிசுக்காகத்தான் இருந்திருக்கும்.

எங்களிடம் இருப்பது பூனை. நாய்க்குக் கொடுத்த மருந்தையே பாதியாகக் கொடுக்கலாமா?

பூனை சிறிய நாய் அல்ல. உண்ணிக்கு நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் ஒரே மாத்திரையில் பூனையைக் கொல்லும். என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் பூனையின் பார்வை பறிபோகலாம். டாக்சிசைக்ளின் மாத்திரையைக் கொடுத்தபின் சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விடாவிட்டால் தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

கீழக்கரையிலிருந்து வரும் பூனைகளில் பெரும்பகுதி சண்டைக் கடிதான். வெளியே ஊசிமுனைத் துளை, உள்ளே எலுமிச்சையளவு சீழ். அதைத் திறந்து வடித்துக் கழுவுவதே பாதி வைத்தியம். சீழை உள்ளே வைத்துக்கொண்டு மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பயனில்லை. காதுப்பூச்சிக்குப் பிடரியில் விடும் மருந்து இருக்கிறது, வீட்டில் உள்ள எல்லாப் பூனைக்கும் சேர்த்தே போட வேண்டும்.

பிள்ளைகள் நாயோடுதான் படுக்கிறார்கள். இந்தக் கிருமி எங்களுக்கும் வருமா?

நாயின் ஸ்டெஃபிலோகாக்கஸ் மனிதருக்கு நோயாக மாறுவது அரிது. மனிதரின் எதிர்ப்புக் கிருமி வீட்டு நாய்க்குப் போவதும் உண்டு, பழி ஒருபக்கம் மட்டும் இல்லை. மருந்து போட்டபின் சோப்பால் கை கழுவுங்கள், புண் ஆறும்வரை தனிப்பாய், ஆறாத காயத்தை நாய் நக்க விடாதீர்கள். வீட்டில் அறுவைச் சிகிச்சை ஆனவரோ புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவரோ இருந்தால் அவருடைய மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். படர்தாமரையும் சொறிப்பூச்சியும்தான் இதைவிட எளிதில் ஒட்டுபவை.

மீன் இறங்குதளத்தில் கிடக்கும் நாய்களுக்குச் சோற்றில் மாத்திரை கலந்து வைக்கிறேன். புண்ணியம்தானே?

மனசு நல்லது, முறை தவறு. எந்த நாய் எவ்வளவு தின்றது என்று தெரியாது. ஐந்து நாய்க்கு ஆளுக்குக் கால் டோஸ் என்றால் ஐந்து நாயிலும் மூன்று நாள் மணியின் கதை நடக்கும். அதுவும் ரோமம் கொட்டிய தெருநாய்க்குப் பல நேரம் சொறிப்பூச்சி. ஒரு நாயை அடையாளம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டுங்கள், ஒற்றை டோஸில் முடிவதாக இருந்தால் மருத்துவர் சொல்வார். எழ முடியாத நிலை என்றால் 1962க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். கடித்தால் புண்ணைச் சோப்பு போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்கு, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு.

இறால் பண்ணையிலும் கோழிப் பண்ணையிலும் மருந்து கொட்டுகிறார்கள். என் ஒரு நாயால்தான் உலகம் கெடுகிறதா?

நியாயமான கோபம். உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை 2019இல் இந்திய அரசு தடை செய்தது. இறால் வளர்ப்பில் குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபுரான் கூடாது. எச்சம் தென்பட்டால் ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வரும் என்பது உங்களில் பலருக்குக் கைசுட்டுத் தெரியும். ஆகவே அங்கே ஒரு கடிவாளம், முழுதாக இல்லாவிட்டாலும், இருக்கிறது. வீட்டு நாய்க்கு யார் எச்சம் பார்க்கிறார்கள்? உலகத்தை விடுங்கள். மணியின் தோலில் வளர்ந்த கிருமி எந்தப் பண்ணையிலிருந்தும் வரவில்லை. என் அலமாரியில் இருந்த அரை அட்டையிலிருந்து வந்தது.

நாளைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறோம். என்னென்ன கொண்டுவர வேண்டும்?

அன்று காலையில் காதைத் துடைக்காதீர்கள், இரண்டு நாள் முன்பிருந்து குளிப்பாட்டாதீர்கள். சுத்தமாக வந்த காதில் எனக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. இதுவரை கொடுத்த எல்லா மருந்தின் அட்டையையும் பாட்டிலையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். "வெள்ளை மாத்திரை, நீளமாக இருக்கும்" என்று சொன்னால் எங்களுக்கு எதுவும் புரியாது. போன வாரம் உச்சிப்புளியிலிருந்து ஒரு பெரியவர் பிஸ்கட் டின் நிறையக் கொண்டுவந்தார். கொட்டிப் பிரித்ததில் நான்கு வெவ்வேறு பெயரில் ஒரே ஆன்டிபயாட்டிக். நான்கையும் மாறி மாறிக் கொடுத்துவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று வந்திருந்தார்.